நாக்குச் சொடுக்கு

யாரும் சொல்லாமலே நாய்க்குட்டி உட்கார்ந்தது.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பட்டறைக்காரர் சமையலறை மேடையோரம் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் காலடியில் கிழிந்த காலுறை ஒன்றைக் கடித்து உதறிக்கொண்டிருந்த குட்டி, திடீரென்று அதைக் கீழே போட்டது. நகம் தரையில் டிக் டிக்கென்று கேட்க நாலு எட்டு நடந்தது. பின் அறையின் கம்பிக் கதவுக்கு முன்னால் போய், வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. கையைக் காட்டவில்லை. குட்டி அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த இருட்டைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. வாலால் தரையை இரண்டு தரம் தட்டியது. அதன் கறுத்த வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கியது.

"அட கருவாயா! தானாவே படிச்சுக்கிட்டியாடா?" என்றார் பட்டறைக்காரர்.

அவருக்குச் சந்தோஷம். எல்லாரிடமும் எதற்கும் காரணம் கேட்கிற மனுசன், அன்றைக்குக் கேட்கவில்லை.

பட்டறையை மூடி ஆறு வருஷம் ஆகிறது; பேர் மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டது. நாற்பது வருஷம் கம்பியை வெட்டி, வளைத்து, நெருப்பால் ஒட்டிய கை. ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி, எது கேட்டாலும் செய்து கொடுப்பார். இரும்பைத் தேய்க்கிற அரவை மிஷின் சத்தத்தில் இடது காது முழுசாகப் போய்விட்டது. ஒற்றைக் காதோடு இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. சத்தம் கேட்கும், ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. முன்னால் கூப்பிட்டால் பின்னால் திரும்பிப் பார்ப்பார். போனை ஸ்பீக்கரில் போட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

பேசுவது என்றும் சொல்ல முடியாது. அவர் பேச்சு பத்து வார்த்தைக்குள் முடிந்துவிடும். யாரையும் நம்பாதவருக்கு அதற்கு மேல் எதற்கு? பால் பாக்கெட்டை வாங்கி வந்து தராசில் வைத்துப் பார்க்கிற ஆள். வீட்டு ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கிரில் போட்டிருந்தார். "இது வீடா, கூண்டா மாமா?" என்று மருமகன் ஒரு தரம் விளையாட்டாகக் கேட்டுவிட்டு, இரண்டு மாதம் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாமல் தவித்தான்.

மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒற்றை ஆள். மூன்று மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அரை நாள் ஈரத்தில் கிடந்தார். அந்தச் சேதி மகள் காதுக்குப் போனதும், அவள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு எங்களோட வந்துடுங்க. இல்ல, உங்களோட ஒரு உசிராவது இருக்கணும். விழுந்தா குரைக்கவாச்சும் செய்யும்."

அப்படித்தான் கருவாயன் வந்தான். மண் நிற உடம்பு, மூக்கும் வாயும் மட்டும் கரி பூசியது போல. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது.

"ஒரு மாசம் டைம். குட்டியைப் பழக்கி, வீட்டை நாறடிக்காம வெச்சிருந்தீங்கன்னா நீங்க இங்கயே இருங்கப்பா, நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா கடைசி ஞாயித்துக்கிழமை வந்து சாமானைக் கட்டிடுவேன்."

மகள் வீடு எட்டாவது மாடியில். அவருக்கு ஒதுக்கிய அறையை அவர் பார்த்திருக்கிறார். ஒரு கட்டில், துணி தேய்க்கிற மேஜை, திறக்காத ஜன்னல். அந்த வீட்டுச் சாவி மருமகன் பையில் இருக்கும். வாழ்நாள் முழுக்க ஊருக்குக் கதவு செய்து கொடுத்தவர், கடைசிக் காலத்தில் இன்னொருத்தன் வந்து திறக்கக் காத்துக்கொண்டு உட்கார வேண்டும். செத்தாலும் அது நடக்காது என்று அவர் மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

மகள் அனுப்பிய நாய்ப் பயிற்சிக்காரர் ஒரே ஒரு நாள் வந்தார். ஒல்லியான ஆள். இடுப்பில் ஒரு பை, அது முழுக்க பிஸ்கட் தூள்.

"நாக்கை மேலண்ணத்துல ஒட்டி இப்படிச் சொடுக்குங்க சார். ட்டொக். சொடுக்கின உடனே பிஸ்கட். முழுசா வேணாம், நாலா உடைச்சு ஒரு துண்டு. அவ்வளவுதான் பாடம்."

"அடிக்க வேணாமா?"

"தொடவே வேணாம். எதுக்கு அப்புறம் பிஸ்கட் வருதோ அதை மறுபடி செய்யும். எதுக்கு அப்புறம் ஒண்ணுமே வரலையோ அதை விட்டுடும்."

"மனுசனும் அப்படித்தான்."

"மனுசன் இன்னும் சீக்கிரம் பழகிடுவான் சார்," என்று சிரித்தார் பயிற்சிக்காரர். "ராத்திரி ஒரு சின்ன இடத்துல அடைச்சு வைங்க. அழும். அழுதா போகாதீங்க. அழுகை நின்னதும் போங்க. அழும்போது போனா, அழுதா ஆள் வரும்னு நினைச்சுக்கும்."

"பழகிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"சொடுக்கைக் கேட்டதும் வாயில எச்சில் ஊறும். பிஸ்கட்டைப் பாக்கவே வேணாம். சத்தம் போதும். அதுக்கு அப்புறம் அது உங்க பிடிக்குள்ள."

சின்ன இடம் என்றால் பின் அறைதான். ஒரு காலத்தில் சாமான் வைத்த அறை. ஜன்னல் கிடையாது, உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். அதற்குக் கீழே ஒரு பரண். சுவரில் ஆணி அடித்து, வெல்டிங் பண்ணும்போது போடுகிற முகமூடியும் தோல் கையுறையும் மாட்டியிருந்தார். ஆறு வருஷமாக யாரும் தொடாத முகமூடி. கண்ணுக்கு நேரே இருந்த கறுப்புக் கண்ணாடிச் சதுரத்தில் தூசி படிந்திருந்தது.

அந்த அறைக்கு அவரே ஒரு கம்பிக் கதவு செய்து மாட்டினார். நாய்க்குட்டிக்கு முழங்கால் உயரம் போதும். அவர் வாசல் நிலை உயரத்துக்குச் செய்தார். கீழே குட்டியின் கிண்ணம் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி. கொக்கி வெளிப்பக்கம். லேசாகத் தள்ளினாலே தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும். கொக்கியைச் சுற்றி, உள்ளிருந்து கையை விட்டுத் தூக்க முடியாதபடி, ஒரு மறைப்புத் தகடும் வைத்து ஒட்டினார். மதில் மேல் தலை வைத்து வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அண்ணே, கொக்கியைத் தூக்க நாய்க்குட்டிக்குக் கை இருக்கா? அதுக்கு எதுக்குத் தகடு?"

"தகடு இல்லாம நான் கதவு செஞ்சதில்ல."

"குட்டிக்குமா?"

"யாருக்கா இருந்தாலும்."

அது உண்மைதான். நாற்பது வருஷத்தில் அவர் கதவைத் தாண்டிய திருடன் கிடையாது.

முதல் ராத்திரி குட்டி அழுதது. இரண்டாம் ராத்திரி அதைவிட அதிகம் அழுதது. அவர் கட்டிலில் நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொண்டார்.

"பாவம் அண்ணே, ராத்திரியெல்லாம் என்னா அழுகை!" என்றாள் தையல்காரம்மா.

"ரெண்டு நாள் அழும். அப்புறம் பழகிடும்."

"உங்க நெஞ்சுல என்ன இரும்பா?"

"ஆமா. பத்து எம்.எம். கம்பி."

மூன்றாம் ராத்திரி சத்தமே இல்லை. காலையில் போய்ப் பார்த்தார். குட்டி பரணுக்கு நேரே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி மூத்திரம் குளமாகப் பரவி, ஓரத்தில் காய்ந்தும் போயிருந்தது. நனைந்த இடத்தை விட்டு ஒரு அடிகூட நகராமல், ராத்திரி முழுக்க அப்படியே இருந்திருக்கிறது. கால் நடுங்கியது. அவர் கொக்கியைத் தூக்கிய பிறகும் அது எழுந்திருக்கவில்லை. யாரோ விடை கொடுப்பதற்காகக் காத்திருந்த மாதிரி, கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துவிட்டு அப்புறம்தான் வந்தது. அவர் அதற்கு உட்காரத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அசையாமல் இருக்கச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

ஈரம் படாத ஓரத்தில் பிஸ்கட் துண்டு ஒன்று கிடந்தது. நாலில் ஒன்று. ஓரம் நேராக, அவர் உடைக்கிற மாதிரியே. தான்தான் தவற விட்டிருப்போம் என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

முதல் ஞாயிறு மகள் வரட்டுமா என்று போன் செய்தாள். "இந்த வாரம் வேணாம். அடுத்த வாரம் வாங்க. வேலை இருக்கு, வை." அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள். அதே வார்த்தை, அதே வரிசை. குட்டி நன்றாகத் தேறிய பிறகு காட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு வீம்பு. கடைசி ஞாயிறுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அதற்கப்புறம்தான் அந்த ஐந்து மணி சாயங்காலம் வந்தது. அதற்கப்புறம்தான் சொடுக்குச் சத்தம் அவர் காதில் விழ ஆரம்பித்தது.

முதலில் பல்லி என்று நினைத்தார். முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது, ட்டொக். தண்ணீர்க் குழாயை மூடிய உடனே, ட்டொக். எந்தப் பக்கமிருந்து என்று அந்த ஒற்றைக் காதுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு தரமும் கருவாயன் மட்டும் சரியாகத் தெரிந்துகொண்டு பின் அறை வாசலுக்குப் போய் உட்கார்ந்தான். பல்லிக்கு எந்த நாய் உட்காரும்? அவர் துடைப்பத்தால் பரணைத் தட்டிப் பார்த்தார். தூசி விழுந்தது. பழைய கம்பித் துண்டு இரண்டு விழுந்தது. பல்லி விழவில்லை.

பிஸ்கட் டப்பா நாலு நாளில் காலியானது. அவர் கணக்குப்படி பத்து நாள் வர வேண்டும். புது டப்பா வாங்கி வந்து பீரோவில் பூட்டினார், அதுவும் குறைந்தது. அவருக்கு ஆத்திரம் பொங்கியது, பயம் இல்லை. எவனோ சாவி வைத்திருக்கிறான். மகள்தான் தன் சாவிக்கு நகல் எடுத்து ஆள் விட்டு வேவு பார்க்கிறாள், குட்டி தேறாமல் போக வேண்டும் என்று. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைக்க அவருக்குக் கூச்சமே இல்லை. போய்ப் புதுப் பூட்டு வாங்கிக்கொண்டு, வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது, தையல்காரம்மா வாயில் ஊசியோடு மதிலோரம் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எப்ப அண்ணே வெளிய போனீங்க?"

"ஏன்? ஒரு மணி நேரம் ஆச்சு."

ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "இல்லையே. இவ்வளவு நேரம் குட்டிக்குப் பாடம் எடுத்துட்டு இருந்தீங்களே. 'உக்காரு, உக்காரு'ன்னு. காது வலிச்சுப் போய் மிஷினை நிறுத்திட்டு வந்தேன்."

"என் குரலா?"

"பின்ன, வேற யாருக்கு அண்ணே அந்தத் தகரக் குரல் இருக்கு?"

அவர் உள்ளே போனார். குட்டி கம்பிக் கதவுக்குள் இருந்தது. அவர் அடைத்துவிட்டுப் போனபடியேதான் கொக்கி விழுந்திருந்தது. குட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் தரையில் நாலில் ஒரு துண்டு.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. முகமூடி இல்லை. கையுறையும் இல்லை.

அன்றைக்குத்தான் அவருக்குப் பயம் வந்தது. திருடன் என்றால் பீரோவைத் திறப்பான். பணத்தை எடுப்பான். எந்தத் திருடன் பழைய முகமூடியை எடுத்துக்கொண்டு, பிஸ்கட்டை நாலாக உடைத்து நாய்க்குப் போடுகிறான்?

பயந்தால் அவர் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். பழைய வெல்டிங் மிஷினை இழுத்து வந்து, பின்வாசல் தாழ்ப்பாளைச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டினார். மொட்டை மாடிக் கதவையும் ஒட்டினார். முகமூடி இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டு, கை நிதானத்தில். வெளியே போக இனி முன்வாசல் ஒன்றுதான். எதுவும் உள்ளே வர முடியாது. அது ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது என்ற நினைப்பு வெல்டிங் புகையோடு சேர்ந்து மூக்கில் ஏறியது. அவர் அதைக் காறித் துப்பினார்.

வெள்ளிக்கிழமை மகள் கூப்பிட்டாள்.

"நாளைக் கழிச்சு வர்றோம்பா. குட்டி எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு."

"நீங்க? குரல் ஒரு மாதிரி இருக்கே. ஏதாவது சொல்லணுமாப்பா?"

சொல்லலாம். என் குரலில் வேறு ஒன்று பேசுகிறது, அம்மா, வந்து கூட்டிப் போ என்று சொல்லலாம். சொன்னால், கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அன்றைக்கே வண்டி வரும். எட்டாவது மாடி. திறக்காத ஜன்னல். அடுத்தவன் சாவி. இரண்டே நாள்தான், பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"ஒண்ணுமில்ல. வேலை இருக்கு, வை."

போனை வைத்ததும், எங்கிருந்தோ, ட்டொக்.

இந்தத் தடவை குட்டி எழுந்திருக்கவில்லை. அது அவரைப் பார்த்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். குட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் படியில் போய் உட்கார்ந்துவிடுவது. மகள் வரும்வரை உள்ளே கால் வைப்பதில்லை. தெரு பளீரென்று கிடந்தது. தையல் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போன் ஹால் மேஜையில் இருந்தது. குட்டி மட்டும் பின் அறைக்குள் இருந்தது.

"கருவாயா, வாடா."

திரும்பவில்லை.

பிஸ்கட்டைக் காட்டினார். திரும்பவில்லை. அதை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் குட்டி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மகள் முன்னால் எப்படி நிற்பது? கதவு ஆடி மூடிவிடாமல் இருக்க, ஒரு முழுச் செங்கல்லை எடுத்து முட்டுக் கொடுத்தார். அதைக் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்.

உள்ளே வெல்டிங் வாசனை. இப்போதுதான் ஒட்டிய மாதிரி, சூடாக. நாலு நாளாக அவர் மிஷினைத் தொடவில்லை. குனிந்து குட்டியின் வயிற்றுக்கடியில் கை கொடுத்தார். அதன் இதயம் ஓடுகிற ஓட்டம் உள்ளங்கையில் தெரிந்தது. ஆனால் பயத்தில் இல்லை. வால் ஆடியது.

ட்டொக்.

குட்டி கையிலிருந்து வழுக்கி, அவர் கால் இடுக்கில் புகுந்து வெளியே ஓடியது. அவர் நிமிர்ந்து திரும்பினார். செங்கல் நகர்ந்தது. யாரும் உதைக்கவில்லை, இடிக்கவில்லை. சத்தம் வராமல், பக்குவமாக, யாரோ இரண்டு கையால் பிடித்து ஓரமாக எடுத்து வைப்பது போல நகர்ந்தது.

கதவு வந்து மூடியது.

கொக்கி விழுந்தது. ணங்.

பாய்ந்து போய்க் கையைக் கம்பிக்குள் விட்டார். விரல் தகட்டில் முட்டியது. மேலிருந்து விட்டார். கீழிருந்து விட்டார். முழங்கை தோல் உரிந்தது. ஒரு விரல்கூட நுழையாதபடி அளந்து வெட்டிய கை அவருடையதுதான். தோளால் இடித்தார். நெருக்கமாக ஒட்டியிருந்த கம்பி ஒரு நூல்கூட அசையவில்லை. நல்ல வேலை. அவர் செய்ததிலேயே நல்ல வேலை.

ஹாலில் போன் அடித்தது.

அடித்தது. அடித்தது. நின்றது.

"அப்பா?" மகள் குரல், ஸ்பீக்கரில். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடவா?"

"இந்த வாரம் வேணாம்," என்றது பட்டறைக்காரரின் குரல், ஹாலிலிருந்து. "அடுத்த வாரம் வாங்க."

அவர் வாயைத் திறந்தார். மகள் பேரைத்தான் கூப்பிட நினைத்தார். வார்த்தை வரவில்லை. அடித்தொண்டையிலிருந்து ஊளை மாதிரி ஒன்று வந்தது.

"என்னப்பா சத்தம்?"

ஹாலில் அவர் குரல்: "கருவாயா."

"குட்டியா? உள்ள அடைச்சிருக்கீங்களா? அழுதா கிட்டப் போகாதீங்கப்பா. பயிற்சிக்காரர் சொன்னாரில்ல."

ட்டொக். ஹாலில் குட்டி ஒரே ஒரு தரம் குரைத்தது. சொன்னபடி.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரிக்கிற சிரிப்பு. "அசத்திட்டீங்கப்பா! நான்தான் தப்பா நினைச்சுட்டேன். நீங்க அங்கயே இருங்க. இனிமே எங்க வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடவே மாட்டேன், சத்தியமா."

"வேலை இருக்கு," என்றது அவர் குரல். "வை."

அவருக்கு வார்த்தை திரும்பி வந்தபோது போன் ஓய்ந்திருந்தது. கத்தினார். சுவரைக் குத்தினார். தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. காற்றுத் துவாரத்தில் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, போனது. விடியும்வரை கத்தினார். யாரும் வரவில்லை. எதுவும் வரவில்லை. குரல் கிழிந்து காற்றாகிப் போன பிறகு, களைத்துச் சுவரில் சாய்ந்து பேசாமல் கிடந்தபோது, கதவுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது.

ட்டொக்.

கதவுக்கடியில் ஒரு கிண்ணம் உள்ளே தள்ளப்பட்டது. குட்டியின் கிண்ணம். அதில் தண்ணீர்.

குடித்தார். குடித்துவிட்டு மறுபடியும் கத்தினார். கிண்ணம் வெளியே இழுபட்டுப் போனது. அப்புறம் நாள் முழுக்க ஒன்றுமே வரவில்லை.

திங்களோ செவ்வாயோ தெரியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா குரல், எங்கோ தூரத்தில் மாதிரி.

"அண்ணே! அன்னைக்கு ராத்திரி குட்டியைப் போட்டு அந்தக் கத்து கத்தினீங்க, அது இன்னும் அழுதுட்டே இருக்கே? பாவம், வெளிய விடுங்க!"

அவர் எழுந்து கம்பியைப் பிடித்தார். தொண்டையில் முனகல் மட்டும் இருந்தது. முனகினார்.

"ரெண்டு நாள் அழும்," என்றது அவர் குரல், முன்வாசலில் நின்று. "அப்புறம் பழகிடும்."

"சரியான இரும்பு மனுசன் நீங்க," என்றாள் அவள். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவர் அழுகையை நிறுத்தினார்.

ட்டொக்.

கதவுக்கடியில் தோல் கையுறை வந்தது. அவருடைய கையுறை. விரல்கள் வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தன. நாலில் ஒரு துண்டைத் தரையில் வைத்து, ஒரு விரலால் உள்ளே தள்ளியது. அவர் எடுத்துத் தின்றார். மூன்று நாள் பசி.

"உக்காரு."

உட்காரவில்லை. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"உக்காரு."

முழங்கால் மடங்கியது. ட்டொக். துண்டு.

இன்னொரு விடியல். துவாரத்தில் சாம்பல் வெளிச்சம். கம்பிக்கு வெளியே கருவாயன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான், பாடம் முடித்தவன். அவன் பக்கத்தில், கம்பியை ஒட்டி, அந்த முகமூடி தாழ வந்தது. நெஞ்சு உயரம். முழங்கால் உயரம். அவர் முகத்துக்கு நேராக நின்றது. அதற்குக் கீழே, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஹால் வெளிச்சமும் மேஜைக் காலும் தெரிந்தன.

கறுப்புக் கண்ணாடியில் தூசி இல்லை. பளபளவென்று துடைத்திருந்தது. அதற்குள் ஒரு கிழவன் தெரிந்தான். முதுகு நிமிர்ந்திருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெளியே போகும் வழியை அவன் பார்க்கவில்லை. பிஸ்கட் டப்பா இருக்கும் பக்கத்தைப் பார்த்தான்.

கையுறை வெறுமையாக இருந்தது. பிஸ்கட் இல்லை.

ட்டொக்.

கண்ணாடிக்குள் கிழவனின் வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கியது.